வலப்பக்கக் கம்பி

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து நேராகப் படகுத்துறைக்குப் போனேன். எங்கள் பாய்ப்படகு 'பவளம்' கரையில் முட்டுக்கட்டைகள் மேல் நிற்கிறது. கம்பிகளைத் துடைக்கலாம் என்று பழைய பனியன் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். முன்கம்பியை மேலிருந்து கீழாக உருவும்போது துணி சிக்கியது, கூடவே என் கட்டைவிரலும். பார்த்தால் ஓர் இழை அறுந்து முள் மாதிரி வெளியே நிற்கிறது.

எங்கள் படகில் பாய்மரம் தானாக நிற்பதில்லை. அது வெறும் அலுமினியக் குழாய். அடியில் ஒரு குழிவில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பி, இடமும் வலமும் பக்கக் கம்பிகள் எல்லாம் பிடித்து இழுப்பதால்தான் நிமிர்ந்து நிற்கிறது. காற்றடிக்கும்போது இதில் ஒன்று போனால் மரமும் போய்விடும்.

விரலில் கட்டோடு வீட்டுக்கு வந்தேன். மகள் ஃபிளேவியா மருந்து போட்டபடியே, எல்லாக் கம்பியையும் மாற்றிவிடலாம், எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றாள். மீன்வளக் கல்லூரியில் இறால் குஞ்சுகளைப் பற்றிப் பாடம் எடுப்பவளுக்குக் கம்பி கட்டுகிற ஆளை எப்படித் தெரியும்? கோவாவில் பயிற்சிக்குப் போனபோது பழக்கமாம். கோவா போய் வந்து ஒரு வருஷம் ஆகிறது. இவ்வளவு நாள் அவர் பெயர் இந்த வீட்டில் அடிபடவில்லை. ஆனால் அவரது எண் அவள் கைபேசியில் தேடாமலே கிடைத்தது.

பிப்ரவரி 12

வந்துவிட்டான். பெயர் பெர்ஜின். குளச்சல் பக்கம். அந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றி எங்கள் தெருவில் சொல்வதை எல்லாம் நான் நம்புகிறவன் இல்லை. எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கப்பலில் வேலை பார்த்தவன், பிறகு கோவாவிலும் தாய்லாந்திலும் பாய்ப்படகுப் பட்டறைகளில் இருந்தவன். பேச்சு தாராளம். சுங்கத்துறையில் நான் கற்றது ஒன்று: கேட்காமலே விளக்கம் சொல்கிறவனின் பெட்டியை முதலில் திற.

கம்பிகளின் முனைகளில் ஒரு சிவப்புத் திரவத்தைத் தடவினான். துடைத்தான். மேலே வெள்ளையாக ஏதோ பூசினான். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள் மெல்லிய சிவப்புக் கோடு எழுந்தது. அதுதான் விரிசலாம்.

"சார், இது இனி தாங்காது, கேட்டியளா. ஒண்ண மட்டும் மாத்துனா பத்தாது. எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரு சைஸ் தடிச்ச கம்பியா போடணும்" என்றான்.

வைத்தியன் வியாதியைப் பெரிதாகத்தான் சொல்வான். அவன் டீ குடிக்கப் போனதும் என் பேனாக்கத்தியால் அந்தச் சிவப்புக் கோட்டைச் சுரண்டிப் பார்த்தேன். போகவில்லை. உள்ளே இறங்கியிருந்தது. சாயம் அப்படியும் இறங்கலாம்.

பிப்ரவரி 13

அந்த ஆள் என்னை சார் என்கிறான், படகுத்துறைக் காவல்காரரை அண்ணாச்சி என்கிறான். ஃபிளேவியாவை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

பிப்ரவரி 18

கிரேன் வைத்து மரத்தை இறக்கிப் படுக்கவைத்தோம். படுத்திருக்கும் பாய்மரத்தைப் பார்த்தால் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. பழைய கம்பிகளைக் கழற்றித் தரையில் நீட்டி, ஒவ்வொன்றுக்கும் டேப்பில் பெயர் எழுதி ஒட்டினான். முன், பின், இடம், வலம். ஒழுங்காகத்தான் செய்கிறான். ஒழுங்காகச் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஃபிளேவியா மதியச் சாப்பாட்டைப் படகுத்துறைக்கே கொண்டுவந்தாள். எனக்கு வயிற்றுப் புண் இருப்பதால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று அக்கறை. ஆளுக்கு ஒரு டப்பா. எனக்கு நண்டு, அவனுக்குச் சீலாமீன். ஏன் வேறு வேறு என்றால், நண்டு சாப்பிட்டால் அவருக்கு உடம்பெல்லாம் தடிக்கும் என்றாள். வாடிக்கையாளரின் மகளிடம் தன் உடம்பு தடிப்பதைப் பற்றி எல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். நான் சொன்ன மாதிரி, பேச்சு தாராளம்.

பிப்ரவரி 21

புதுக் கம்பிச் சுருள் வந்தது. பளபளவென்று இருக்கிறது. துருப்பிடிக்காத உயர்தர எஃகு என்றான். அது உண்மை என்றால் காந்தம் ஒட்டக்கூடாது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த வேளாங்கண்ணி மாதா காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

ஒட்டியது. அழுத்தமாக இல்லை. ஆனால் ஒட்டியது.

துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்த ரொட்ரிகோவுக்குப் போன் போட்டேன். சிரித்தான். கம்பியாக இழுக்கும்போது நல்ல எஃகிலும் கொஞ்சம் காந்தம் ஏறத்தான் செய்யும், பேசாமல் இரு என்றான். ரொட்ரிகோ வேலையில் இருந்தபோதும் யாரையும் எதுவும் கேட்காதவன்தான்.

காந்தத்தைத் திரும்ப வைக்கும்போது ஃபிளேவியா பார்த்துவிட்டாள். மாதாவைக் காற்று வாங்கக் கூட்டிப் போனீர்களா என்று கேட்டாள். நல்ல பெண். அவள் அம்மா போனபிறகு இந்த வீட்டில் சிரிப்பு என்று ஒன்று இருக்கிறதென்றால் அது இவள் சிரிப்புதான். காலை எட்டரைக்கு அவள் வண்டி போன பிறகு இந்த வீடு வீடாக இருப்பதில்லை.

பிப்ரவரி 27

பாய்மரம் மறுபடி எழுந்து நின்றுவிட்டது. அதற்கு முன் காசளவு மாதா சுரூபம் ஒன்றை மரத்தின் அடிக்குழியில் போட்டேன். பெர்ஜின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் போட்டானா, அதற்கு முன்பே போட்டானா என்பது தெரியவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது ஃபிளேவியா சொன்னாள். அவளும் பெர்ஜினும் கல்யாணம் செய்துகொள்வதென்று கோவாவிலேயே முடிவு செய்துவிட்டார்களாம். நான் அவனை நேரில் பார்த்துப் பழக வேண்டும், அதன் பிறகு சொல்லலாம் என்று இருந்தாளாம். பவளத்துக்குக் கம்பி போனது நல்ல வாய்ப்பாகிவிட்டது.

ஆக, இத்தனை நாள் நான் அவனை வேவு பார்த்ததாக நினைத்தேன். என்னைத்தான் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கத்தவில்லை. கல்யாணம் ஆனால் எங்கே இருப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். கோவாவில் அவன் பட்டறை வைக்கப்போகிறான், அவளும் அங்கே வேலை தேடிக்கொள்வாள்.

"உங்க சம்மதம் இல்லாம நான் செய்ய மாட்டேன்ப்பா. ஈஸ்டருக்குள்ள சொல்லுங்க" என்றாள்.

படகு முதலில் கடலுக்குப் போய் வரட்டும், அவன் வேலை எப்படி என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதை அவள் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள். நான் அதை அப்படிச் சொல்லவில்லை.

எனக்கு அவனைப் பிடிக்காததற்கும் அவன் ஊருக்கும் சம்பந்தம் இல்லை. கோவா தூரம் என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

மார்ச் 6

கம்பிகளை முறுக்கேற்றும் வேலை. ஒவ்வொரு கம்பியின் அடியிலும் ஒரு திருகு இருக்கிறது. டர்ன்பக்கிள் என்பார்கள். அதன் உடலைச் சுற்றினால் கம்பி இறுகும், மறுபக்கம் சுற்றினால் தளரும். வேண்டிய அளவு இறுக்கியதும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஸ்பிளிட் பின் என்கிற இரட்டைக்கால் ஊசியைக் கோத்து, அதன் கால்களை வளைத்துவிட வேண்டும். கடலில் படகு உதறும்போது திருகு தானாகச் சுழன்று கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வது அந்தப் பின்கள்தான். பின்னின் முனை பாயைக் கிழிக்காமல் இருக்க மேலே வெள்ளை டேப் சுற்றுகிறார்கள்.

பின் போட்ட ஆள்தான் டேப் சுற்ற வேண்டும், அதுதான் இந்தத் தொழிலில் வழக்கம் என்றான் பெர்ஜின். சுற்றிய டேப் சுற்றியபடி இருந்தால் உள்ளே சரியாக இருக்கிறது என்று பொருளாம். நாங்கள் சரக்குப் பெட்டிக்கு வைக்கும் சீல் மாதிரி. இது ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சீல் உடையாமலே சரக்கு மாறிய பெட்டிகளை என் கையால் திறந்திருக்கிறேன்.

பழைய டர்ன்பக்கிள்களைக் குவித்து வைத்திருந்த இடத்தில் எண்ணிப் பார்த்தேன். ஒன்று குறைகிறது. பழையதையே பாலிஷ் போட்டுத் திரும்ப மாட்டியிருந்தால்? டேப்புக்கு அடியில் யாருக்குத் தெரியும்?

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. துறையில் ஈ காக்கை கிடையாது. காவல்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நான் போனேன். என் படகு, நான் பார்க்கிறேன். யாரிடம் கேட்க வேண்டும்?

வலப்பக்கக் கம்பியின் டேப்பைப் பிரித்தேன். பின்களின் கால்களைக் குறடால் நிமிர்த்தி உருவி எடுத்துத் தளத்தின் விளிம்பில் வைத்தேன். டர்ன்பக்கிளைத் திருப்பித் திருப்பிக் கம்பியைத் தளர்த்தி, மரையை வெளியே எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். புத்தம் புது மரை. தேய்மானம் இல்லை, பாலிஷ் போட்ட தடம் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

மறுபடி இறுக்கிக்கொண்டிருக்கும்போது பைக் சத்தம் கேட்டது. அவன் ஓட்ட, ஃபிளேவியா பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தாள். கை அவன் தோள்மேல். அவள் வாய்விட்டுச் சிரிப்பது துறை வாசலிலிருந்தே கேட்டது. வீட்டில் என்னோடு அவள் அப்படிச் சிரிப்பதில்லை என்று அப்போதுதான் தோன்றியது. சட்டென்று டேப்பைச் சுற்றிவிட்டு இறங்கிவிட்டேன். அவர்கள் வரும்போது நான் நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் பழையபடி வைத்துவிட்டேன். நான் கை வைத்தது யாருக்கும் தெரியாது.

மார்ச் 12

குறைந்த டர்ன்பக்கிள் கிடைத்துவிட்டது. ஃபிளேவியாவின் மேஜையில், மாணவர்களின் விடைத்தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பவளத்தின் ஞாபகமாக வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டு வாங்கினாளாம்.

எனவே அந்தச் சந்தேகம் தீர்ந்தது. வேறு சந்தேகங்கள் இருக்கின்றன. எல்லாக் கம்பியும் நன்றாகத்தான் இருக்கிறது என்றால் சனிக்கிழமை பவளம் கடலுக்குப் போய் வந்த பிறகு நான் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

மார்ச் 15, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் வாடைக்காற்று, மிதமாக. புறப்படும் முன் பெர்ஜின் படகைச் சுற்றி வந்து ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்த்தான். வலப்பக்கக் கம்பியிடம் கொஞ்சம் நின்றான். டேப்பை விரலால் தொட்டான். என்னைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். கேட்காமல் அடுத்த கம்பிக்குப் போய்விட்டான்.

அவன் சுக்கான் பிடித்தான். ஃபிளேவியா முன்பாயின் கயிற்றைப் பார்த்துக்கொண்டாள். நான் பெரிய மனுஷன் மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தேன். தென்கிழக்கே போனோம். காற்று இடப்பக்கம் இருந்து வந்தது. படகு வலப்பக்கம் சாய்ந்து ஓடியது. பாய்கள் இரண்டும் வலப்பக்கம் புடைத்து, அந்தப் பக்கத்துத் தளத்தை முழுக்க மறைத்துக்கொண்டிருந்தன. பவளம் இப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பழைய கம்பிகளில் மரம் எப்போதும் முனகும். இன்று சத்தமே இல்லை. நல்ல வேலை. எழுதித்தான் ஆக வேண்டும், நல்ல வேலை.

கரை மங்கலாகத் தெரியும் தூரம் வந்த பிறகு அண்ணாந்து பார்த்தேன். பாய்க்கு மேலே வலப்பக்கக் கம்பியின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. காற்றுக்கு எதிர்ப்பக்கக் கம்பி கொஞ்சம் தளர்வது இயல்பு. ஆனால் இது தளர்ந்ததோடு நிற்கவில்லை, ஆடிக்கொண்டிருந்தது. துணியை எடுத்த பிறகு கொடிக்கயிறு ஆடுமே, அப்படி.

பின்களைத் தளத்தின் விளிம்பில் வைத்தது நினைவுக்கு வந்தது. எடுத்தது நினைவில் இல்லை.

போகும்போது பாரமெல்லாம் இடப்பக்கக் கம்பியில். திரும்பும்போது காற்று வலப்பக்கம் வரும். அப்போது மரத்தைப் பிடிக்க வேண்டியது இந்தக் கம்பி. பிடிக்காவிட்டால் மரம் விழும். குளச்சல்காரன் கட்டியது முதல் நாளே விழுந்தது என்று ஊர் சொல்லும். அவளும் சொல்வாள். இதெல்லாம் என் மனசில் ஓடியதை நான் மறுக்கவில்லை. எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியாது.

திருப்பலாமா என்று பெர்ஜின் கேட்டான். ஃபிளேவியா கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள். மரம் விழுந்தால் அவள் தலைக்கு நேராக விழலாம் என்று அப்போதுதான் உறைத்தது.

"திருப்பாத. வலது கம்பில பின் இல்ல" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அங்கருந்து பாத்தா பாய்தானப்பா தெரியும்" என்றாள் ஃபிளேவியா. "பின் இல்லன்னு எப்படித் தெரிஞ்சிது?"

நான் பதில் சொல்வதற்குள் பெர்ஜின் எழுந்துவிட்டான். "மாமா, இதப் பிடிங்க. இப்பிடியே விடணும், ஒரு இஞ்சு திருப்பிராதிய" என்று சுக்கானை என் கையில் கொடுத்தான். மாமா என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. சாய்ந்திருந்த பக்கத்துத் தளத்தில், தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில், வயிற்றால் ஊர்ந்து பாய்க்கு அடியில் போனான். கடைசியில் அவன் கால் மட்டும் தெரிந்தது. என் கை கொஞ்சம் தவறியிருந்தால் படகு திரும்பி, கம்பியோடு அவனும் போயிருப்பான். ஃபிளேவியா அவன் காலைப் பார்க்கவில்லை. சுக்கானில் இருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருகு நாலைந்து மரையில்தான் நின்றுகொண்டிருந்ததாம். கையாலேயே சுற்றி இறுக்கிவிட்டு, தன் சாவிக்கொத்தின் வளையத்தைக் கழற்றிப் பின்னுக்குப் பதிலாகக் கோத்திருக்கிறான். முழுக்க நனைந்து வந்தான். சுக்கானை வாங்கிக்கொண்டான். திரும்பினோம். மரம் நின்றது.

கரையில் படகைக் கட்டி முடித்தோம். பிறகு அவன் என்னிடம் வந்தான். கோபமாகத்தான் இருந்தான், மறைக்கவில்லை.

"டேப் சுத்துனது என் கை இல்லேன்னு காலையிலேயே பாத்தேன். பிரிச்சிப் பாத்திருக்கணும், அது என் தப்புதான். மாமா கை வச்சிருக்காவ, அவிய பாத்தா செரியாத்தான் இருக்கும்ணு விட்டுட்டேன்."

நான் யாரைப் பற்றியும் அப்படி நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 16, ஞாயிறு

பூசைக்கு ஃபிளேவியா தனியாகப் போனாள். வந்ததும் நானே சொல்லிவிட்டேன். போன ஞாயிறு மதியம் போனது, திறந்து பார்த்தது, பைக் சத்தம், அவசரத்தில் பின்னைப் போட மறந்தது எல்லாம் சொன்னேன். கல்யாணத்துக்குச் சம்மதம் என்றும் சொன்னேன். அதைச் சொன்னால் முகம் மலரும் என்று நினைத்திருந்தேன்.

சம்மதம் கேட்டதை விட்டுவிடுங்கள் என்றாள். ஈஸ்டர் முடிந்து வரும் வாரம் கல்யாணத்தைக் குளச்சலில் வைத்துக்கொள்கிறார்கள். கோவில் வாசலில் இருந்து பீடம்வரை நான்தான் அவளைக் கைப்பிடித்துக் கூட்டி வர வேண்டும் என்று பெர்ஜின் சொல்கிறானாம். அதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

அப்புறம் நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தாள். நான் விசாரணையில் உட்காரும் மாதிரியே.

"நீங்க ரொம்ப நேரமா அந்தக் கம்பிய அண்ணாந்து பாத்துட்டு இருந்தீங்க. நான் பாத்தேன். பெர்ஜின் திருப்பலாமான்னு கேட்டப்பவும் பேசல. நான் கயித்த அவுக்கக் குனிஞ்ச அப்பறந்தான் சொன்னீங்க."

பயத்தில் பேச்சு வரவில்லை என்றேன்.

"அப்பா. மறந்துதான் போனீங்களா?"

ஆமாம் என்றேன். இன்னொரு தடவையும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். முப்பது வருஷம் நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அப்படித்தான் தலையாட்டியிருக்கிறேன். எதிரே இருந்தவன் சொன்னதை நம்பி ஒரு நாளும் ஆட்டியதில்லை.

மார்ச் 17

மறந்துதான் போனேன்.